மத்தியப் பிரதேசத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஓர் எம்.பி.பி.எஸ். இடம் நகருமா?

கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கச்சி மகள் 2024-இல் அகில இந்திய ஒதுக்கீட்டில் மத்தியப் பிரதேசத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். இங்கே மாநில ஒதுக்கீட்டில் நாலு மதிப்பெண்ணில் அரசு இடம் தவறிப்போனது. போன ஐப்பசியில் அவள் அப்பா, லாரி ஓட்டியவர், மாரடைப்பில் இறந்துவிட்டார். தங்கச்சிக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு டயாலிசிஸ். ஒரே பிள்ளை. முதலாம் ஆண்டு பாஸாகி இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கிவிட்டது. திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ மாற்ற முடியுமா? டெல்லி ஹைகோர்ட் ‘இனி மாறலாம்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஜம்மு பக்கம் ஒரு காலேஜ் பிள்ளைகள் எல்லாரையும் வேறு காலேஜுக்கு மாற்றினார்களாமே? ஒருவர் பன்னிரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். இங்கே படிக்கும் வடநாட்டுப் பையன் ஒருத்தன் இடத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறான் என்றும் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரர் மகன் கிர்கிஸ்தானில் படிக்கிறான், அவனுக்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம்

பதில்:

அண்ணாச்சி, மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பன்னிரண்டு லட்சக்காரருக்கு இதுவரை ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் அதோடு விடுங்கள். அட்வான்ஸ் என்று ஏதாவது போயிருந்தால், அவர் அனுப்பிய மெசேஜையும் பணம் போன கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். பழைய 420-தான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவாக இருக்கிறது. ‘அதிகாரிக்குக் கொடுக்கணும்’ என்று சொல்லித்தான் அவர் கேட்கிறார் என்றால் ஆபத்து உங்களுக்கும் உண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரு மாறுதலைத் தன் கையெழுத்தில் கொடுத்துவிடும் அதிகாரம் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த அதிகாரியிடமும் இல்லை. இல்லாத சாமிக்குக் காணிக்கை கேட்கிறார் அந்த ஆள்.

ஏன் இல்லை என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி இன்னொரு பள்ளியில் சேர்ப்பது போல மருத்துவக் கல்லூரியில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு சின்ன வாசல் இருந்தது. அப்போதிருந்த இந்திய மருத்துவக் குழு 1997-இல் போட்ட இளநிலை மருத்துவக் கல்வி விதிகளில் ஆறாவது விதி அது. ‘மாறுதல் மாணவரின் உரிமை அல்ல’ என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மாறுதலுக்கு வழி சொல்லும் அந்த விதி. ஆதரித்துவந்தவர் இறந்துபோவது, மாணவரையே முடக்கிப்போடும் நோய், கல்லூரி இருக்கும் பகுதியில் கலவரம் என்று அரசு அறிவிப்பது ஆகிய மூன்றும்தான் ஒரு கட்டத்தில் காரணங்களாக இருந்தன. பிறகு ‘நியாயமான எந்தக் காரணமும்’ என்று அகலமாக்கினார்கள். போகிற கல்லூரியில் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரு கல்லூரியில் வருடத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களில் 5 சதவீதத்துக்கு மேல் மாறுதலில் எடுக்கக் கூடாது. 250 இடமுள்ள திருநெல்வேலிக் கல்லூரிக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு பேர். ஒரே ஊருக்குள் மாற முடியாது. முதலாம் ஆண்டுத் தேர்வில் தேறி, முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வார்டுக்குப் போய் நோயாளியைப் பார்க்கும் படிப்பு தொடங்கிவிட்டால் கிடையவே கிடையாது.

உங்கள் மருமகளுக்கு அந்த விதி அளவெடுத்துத் தைத்தது போல இருந்திருக்கும். ஆதரித்த தகப்பன் போய்விட்டார், முதலாம் ஆண்டு தேறியாகிவிட்டது, ஊரும் வேறு. ஆனால் இரண்டு மூன்று வருடம் தாமதம். இந்திய மருத்துவக் குழுவின் இடத்துக்கு 2020 செப்டம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஜூனில் புதிய விதிகளைப் போட்டது. அதில் 18-ஆம் விதி ஒரே வரிதான்: ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் யாரும் வேறு கல்லூரிக்கு மாற்றம் கேட்கக் கூடாது. விதிவிலக்கு ஒன்றும் இல்லை. மேற்படிப்புக்கும் இதே நிலைதான்.

ஏன் இப்படி இறுக்கிப் பூட்டினார்கள்? ஆணையத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீட் வந்த பிறகு ஒவ்வொரு இடமும் ஒரு ரேங்க்குக்கு உரியது. நாலு மதிப்பெண்ணில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அரசு இடம் போனது. அதே நாலு மதிப்பெண்ணில் போனவர்கள் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். கலந்தாய்வில் எட்டாத கல்லூரிக்கு ஒரு வருடம் கழித்துப் பின்வாசல் வழியாக வர முடியும் என்றால், முன்வாசலில் வரிசையில் நின்றவர் முட்டாளா? பழைய விதி இருந்த காலத்தில் மாறுதல் கேட்டவர்களின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து பெருநகரக் கல்லூரிக்குத்தான் கேட்பார்கள். எதிர்த்திசையில் ஒருத்தரும் கேட்டதாக நினைவில்லை. பெற்றோருக்கு வரும் வியாதியும் சரியாக முதலாம் ஆண்டு ரிசல்ட் வந்த வாரத்தில்தான் வரும்!

ஆனால் அந்தக் கோப்புகளுக்கு நடுவே உண்மையானதும் இருந்தது. ஒரு பையனின் தகப்பனார் விபத்தில் போய்விட்டார். ரிசல்ட் வந்த ஒன்பதாம் நாள் பையன் விண்ணப்பம் கொடுத்துவிட்டான். அவன் படித்த கல்லூரியில் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, தடையில்லாச் சான்று கையெழுத்தானது நாற்பத்தோராம் நாள். சேர வேண்டிய பக்கத்தில் ‘ஒரு மாதம் தாண்டிவிட்டது’ என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். வழக்கைக் காப்பாற்றியது எதுவென்றால், அவன் விண்ணப்பத்தின் நகலில் தபால் பிரிவு எழுத்தர் குத்திய ஊதா முத்திரை. பாதி மை அழிந்து, தேதியில் ‘09’ மட்டும் தெரிந்தது. விண்ணப்பித்த தேதிதான் கணக்கு, கையெழுத்தான தேதி அல்ல என்று வாதாட அந்த அரை முத்திரை போதுமாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எந்த அலுவலகத்துக்கு எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

இப்போது டெல்லித் தீர்ப்பு. வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 40 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ள ஒரு மாணவர். கலந்தாய்வில் கலந்துகொள்ளவே போராட வேண்டியிருந்து, கடைசிச் சுற்றில் ராஜஸ்தானின் பார்மேர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பார்மேர் என்றால் தார் பாலைவனம். அந்த வெயிலும் தூசியும் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டெல்லியில் ஒரு கல்லூரிக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். ஆணையம் 18-ஆம் விதியைக் காட்டி மறுத்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 டிசம்பரில் அந்த 18-ஆம் விதியையே செல்லாது என்று அடித்துவிட்டது. தவறாகப் பயன்படுத்த வாய்ப்பு இருக்கிறது என்பதற்காக, உண்மையான கஷ்டத்தில் இருப்பவருக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கதவைச் சாத்துவது சமத்துவத்துக்கு விரோதம் என்பதுதான் அதன் சாரம். நிபந்தனைகளோடு மாறுதலுக்கு வழிவிடும் விதியை ஆணையம் உருவாக்க வேண்டும், அந்த மாணவரின் கோரிக்கையைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

‘டெல்லி தீர்ப்பு எனக்கு எப்படிச் செல்லும்’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2004-இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: நாடாளுமன்றச் சட்டம் ஒன்று செல்லுமா செல்லாதா என்று ஓர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அது நாடு முழுக்கவும் விளைவை ஏற்படுத்தும் என்று. மத்திய விதிக்கும் அதே தர்க்கத்தை நீட்டி வாதாடலாம். எதிர்த்தரப்பு ‘அது அந்த வழக்கில் போகிற போக்கில் சொன்னது’ என்று வாதாடும். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இதை முதல் கல்லாக வைப்பேன், ஆனால் வீட்டை முழுக்க அதன் மேல் கட்ட மாட்டேன். மனு போடும் நாளில் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா, தடை வாங்கியிருக்கிறார்களா, ஆணையம் புதிய விதி போட்டுவிட்டதா என்று மூன்றையும் உங்கள் வக்கீல் பார்த்தே ஆக வேண்டும். இந்த மாதிரி விஷயத்தில் மூன்று மாதத்துக்கு முந்தைய தகவல் பழைய பஞ்சாங்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. ‘மாறக் கூடாது’ என்ற விதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். ‘மாறலாம்’ என்ற விதி எங்கே? 1997 விதி தானாக உயிர்த்தெழுந்து வந்துவிடாது. பூட்டை உடைத்தாகிவிட்டது, கதவுக்குப் பின்னால் படிக்கட்டு இன்னும் கட்டவில்லை. ஆகவே ‘என்னை மாற்று’ என்று கேட்கும் உரிமை உங்கள் மருமகளுக்கு இன்று இல்லை. ‘என் மனுவை எடுத்துப் பார், தடை இருக்கிறது என்று சொல்லித் தூக்கிப் போடாதே, காரணம் எழுதி முடிவைச் சொல்’ என்று கேட்கும் உரிமை இருக்கிறது. நான் சொல்லப்போகும் வழி முழுக்க இந்த இரண்டாவது உரிமையின் மேல்தான் நிற்கிறது.

மனுவை ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கு எழுதுங்கள். அது புதுடெல்லி துவாரகாவில் இருக்கிறது. நகல்கள் கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகம், திருநெல்வேலி, தூத்துக்குடிக் கல்லூரி முதல்வர்கள், அவள் படிக்கும் கல்லூரி முதல்வர், இரண்டு மாநிலங்களின் மருத்துவப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, வருமானச் சான்று, டயாலிசிஸ் நடக்கும் மருத்துவமனையின் பதிவேட்டு நகல், முதலாம் ஆண்டு மதிப்பெண் பட்டியல், நீட் ரேங்க் அட்டை, கலந்தாய்வு ஒதுக்கீட்டுக் கடிதம் என்று இத்தனையும் இணைப்பில். ‘ஒரே பிள்ளை’ என்பதைக் குடும்ப அட்டை காட்டும், அதையும் வையுங்கள்.

டயாலிசிஸ் பதிவேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘இவருக்குச் சிறுநீரகக் கோளாறு’ என்று லெட்டர்பேடில் நாலு வரி எழுதி வாங்குவது வேண்டாம். அந்த மாதிரிச் சான்றுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆணையம் இப்படி ஆனது. எந்தத் தேதியில் தொடங்கியது, வாரத்தில் எந்தெந்த நாள், உடன் வருபவர் பெயர் என்ன என்று காட்டும் பதிவுதான் பேசும். உடன் வருபவர் பத்தியில் உங்கள் பெயரே இருந்தால் எதிர்த்தரப்பு ‘தாய்மாமன் பார்த்துக்கொள்கிறாரே’ என்று சொல்லும். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும்: கடையை அடைத்துவிட்டுப் போகிறீர்கள், எத்தனை நாளைக்குப் போவீர்கள்?

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், கன்னியாகுமரி நாலு அரசுக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாக. 2024–25-இல் சேர்ந்த அணியில் (பேட்ச்) அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, இன்றைக்கு வருகைப் பதிவேட்டில் இருப்பவர் எத்தனை, படிப்பை விட்டுப் போனவர் எத்தனை. இவ்வளவுதான் கேள்வி. முப்பது நாளில் பதில் வர வேண்டும். இந்தப் பதில்தான் வழக்கின் உயிர். ஏனென்றால் காலி இடம் இல்லாத கல்லூரியில் ஓர் இடத்தை உருவாக்கிக் கொடு என்று எந்த நீதிபதியும் சொல்லத் தயங்குவார். இடங்களின் எண்ணிக்கை ஆணையத்தின் அனுமதியில் வருவது.

ரேங்க் விஷயத்திலும் இந்தக் காலி இடம்தான் கைகொடுக்கும். ‘இவளுக்கு மேலே ரேங்க் எடுத்தவர்கள் இருக்கிறார்களே’ என்பது நீதிபதி கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு நான் சொல்லக்கூடிய பதில்: இரண்டாம் ஆண்டில் ஒருவர் விட்டுப்போன இடத்தைக் கலந்தாய்வில் யாருக்கும் கொடுக்க முடியாது. அந்த அணி படிப்பை முடிக்கும்வரை அது காலியாகவே கிடக்கும். அதில் ஓர் அரசுக் கல்லூரி மாணவி வந்து உட்கார்ந்தால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. அவளும் நீட் எழுதி, தரவரிசையில் அரசு இடம் வாங்கியவள்தான். தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்து அரசுக் கல்லூரிக்கு மாறக் கேட்கவில்லை. நாலு மதிப்பெண் வித்தியாசத்தை மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். நாம் சொல்லாமல் எதிர்த்தரப்பு சொன்னால் அது நாற்பது மதிப்பெண்ணாகக் கேட்கும்.

பதில் வரவில்லை, அல்லது 18-ஆம் விதியைச் சொல்லி நிராகரித்தார்கள் என்றால் ரிட் மனு. தென்காசி மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆணையம் டெல்லியில், கல்லூரி மத்தியப் பிரதேசத்தில், அந்த மாநில உயர் நீதிமன்றம் ஜபல்பூரில். ‘மதுரைக்கு ஏன் வந்தாய், ஜபல்பூருக்குப் போ’ என்று ஆட்சேபம் வரும். வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி இங்கே எழுந்தாலும் போதும் என்று அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவே சொல்கிறது. திருநெல்வேலிக் கல்லூரிக்கும் இயக்குநரகத்துக்கும் மனுவின் நகலைப் போடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்: அவர்கள் ஒரு வரி மறுத்து எழுதினாலும் காரணத்தின் ஒரு துண்டு இங்கே வந்துவிடும்.

செலவுக்கு யோசிக்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரைக் கிளை வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்த எங்கள் ஆட்களும் கட்சிக்காரரிடம் சொல்வதில்லை!

என்ன உத்தரவு வரும்? பெரும்பாலும் ‘மனுவை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்கவும்’ என்று வழக்கை முடித்து வைப்பார்கள். அன்றைக்குக் கோர்ட்டுக்கு வெளியே ஸ்வீட் வாங்கிக் கொடுக்காதீர்கள். ‘பரிசீலி’ என்பதும் ‘கொடு’ என்பதும் ஒன்றல்ல. பரிசீலித்து மறுபடி மறுக்கவும் அவர்களால் முடியும். அப்போது மறுப்பின் காரணத்தை எதிர்த்து இன்னொரு ரிட். இரண்டு சுற்று என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவள் அதற்குள் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டால் வழக்கே தேய்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் இந்த வாரமே தபாலில் சேருங்கள் என்கிறேன்.

‘இடைக்கால உத்தரவு வாங்கி இங்கே வகுப்பில் உட்கார வைத்துவிடலாம்’ என்று ஒரு வக்கீல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1986-லேயே, ஆந்திராவில் அங்கீகாரமில்லாத ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில், தன் சட்டத்தைத் தானே மீறு என்று பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் கட்டளையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடைக்கால உத்தரவில் உட்கார்ந்து படித்துவிட்டு, இறுதித் தீர்ப்பு எதிராக வந்தால் அங்கேயும் வருகை இருக்காது, இங்கேயும் தேர்வு எழுத முடியாது.

மனமொத்த மாறுதல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஆசிரியர் வேலையில் உண்டு. தென்காசி டீச்சரும் தர்மபுரி டீச்சரும் கையெழுத்துப் போட்டு மாறிக்கொள்ளலாம். மருத்துவ இடத்துக்கு அப்படி ஒன்று பழைய விதியிலும் இல்லை. அந்த வடநாட்டுப் பையன் அநேகமாக அந்த ஆளின் கற்பனையில் மட்டும் படிக்கிறான்.

ஜம்முவில் நடந்தது வேறு சமாச்சாரம். ரியாசி மாவட்டத்தில் வைஷ்ணோ தேவி கோயில் வாரியத்தோடு சேர்ந்த புதிய மருத்துவக் கல்லூரி. தரக் குறைபாடுகளைக் காரணமாகச் சொல்லி 2026 ஜனவரியில் ஆணையம் அதன் அனுமதியைத் திரும்பப் பெற்றது. 50 மாணவர்களையும் அந்த யூனியன் பிரதேசத்தின் மற்றக் கல்லூரிகளில் கூடுதல் இடமாகச் சேர்க்கச் சொன்னது. அங்கே மாணவர் கல்லூரியை விட்டு வரவில்லை, கல்லூரி மாணவரை விட்டுப் போனது. 2016-இல் ஹரியானாவில் ஃபரீதாபாத் பக்கம் ஒரு தனியார் கல்லூரி நொடித்தபோதும் இப்படித்தான் பிள்ளைகளைப் பிரித்துச் சேர்த்தார்கள். அதை உங்கள் வழக்கில் முன்னுதாரணமாகக் காட்டினால் எடுபடாது. தேவை வந்தால் இடத்தைக் கூட்ட ஆணையத்தால் முடியும் என்பதற்கு வேண்டுமானால் ஓரமாகச் சொல்லிவைக்கலாம்.

பக்கத்துக் கடைக்காரர் மகனுக்கு வழி இல்லை என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான 2021 விதிப்படி 54 மாதப் படிப்பையும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும். 2022-இல் உக்ரைன் போரில் குண்டு விழுந்து ஓடிவந்த பிள்ளைகளுக்கே, அவர்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2023 மார்ச்சில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தேர்வு எழுத ஒரே ஒரு வாய்ப்பும், அதன் பிறகு இரண்டு வருடக் கட்டாயப் பயிற்சியும் என்று ஒரு சலுகை கிடைத்தது. கல்லூரி இடம் கிடைக்கவில்லை.

வழக்கு நடக்கிற காலத்தில் உங்கள் மருமகள் அங்கே வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து வகுப்பில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. அம்மாவுக்கு ஒரு மோசமான கட்டம் வந்து அவள் சில மாதம் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்றால், சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிடாமல் முதல்வரிடம் எழுத்தில் விடுப்புக் கேட்கட்டும். சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடத்துக்குள் படிப்பை முடித்தால் போதும் என்பதால், ஒரு தேர்வை அடுத்த அணியோடு எழுதினால் குடிமுழுகிப்போகாது. படிப்பை விட்டுவிட்டு மறுபடி நீட் எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால், விலகும்போது அபராதம் ஏதாவது கட்ட வேண்டியிருக்குமா என்பதையும், ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களைப் பற்றித் தமிழ்நாட்டுத் தேர்வுக்குழுவின் அந்த வருடத்துக் கையேடு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. அங்கே விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணம்தான் நெருக்கடி என்றால், 7.5 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கொடுக்க வங்கிகளுக்கு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்டால், எந்த விதியில் கேட்கிறார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தங்கச்சிக்கு என்ன கஷ்டம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அந்தப் பன்னிரண்டு லட்சக்காரர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் இருக்கிறது. பிள்ளை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒன்றரை வருடத்தில் அங்கே இந்தி பேசப் பழகியிருப்பாள், கூட்டாளிகள் இருப்பார்கள், தகப்பன் போன துக்கத்தை அந்த விடுதி அறையில் எப்படியோ சமாளித்து முதலாம் ஆண்டைத் தேறியிருக்கிறாள். அவள் வரவே பிரியப்படலாம். வர மனமில்லாமல் உங்களிடம் சொல்லத் தயங்கவும் செய்யலாம். அவள் மேஜர். மனுதாரர் அவள்தான், நீங்களோ தங்கச்சியோ அல்ல. மனுவிலும் வக்காலத்திலும் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிரமாணப் பத்திரத்தை அங்கேயே ஒரு நோட்டரி முன்னால் போட்டுத் தபாலில் அனுப்பலாம். இன்றைக்கு ராத்திரி கடை அடைத்ததும் அவளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.